அந்த அப்பா எங்கே போனார்?

கண்ணாடிக் கடையில் சின்னவளை எல்லோரும் "பவர்" என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது பழைய கண்ணாடியை நீட்டினால் அதை மெஷினில் வைப்பதற்கு முன்பே தூக்கிப் பிடித்து, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "மைனஸ் ரெண்டே கால்" என்பாள். மெஷினும் கொஞ்சம் யோசித்துவிட்டு அதையேதான் சொல்லும். கடையின் பின்பக்க அறையில் உட்கார்ந்து லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. பதினோரு வருஷம் ஆகிறது. தண்ணீர் தெறிக்கும், மெஷின் கிரீச்சிடும், லென்ஸ்தூள் ஈரமாகி விரல் நகத்துக்குள் வெள்ளையாகப் போய் உட்காரும். அவளுக்கு அந்த அறை பிடித்திருந்தது. அங்கே யாரும் வந்து, "எப்படி இருக்கே?" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்பதில்லை.

புருஷன் இறந்து நாலு வருஷம் முடிந்த பிறகும் வெளியே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மட்டும் அப்படிக் கேட்கவில்லை. அதே கட்டடத்தில் மேல் மாடியில் இருந்த அக்கா ஒருநாள் படி இறங்கி வந்து, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"உனக்கு ஒரு ஆள் பாத்திருக்கேன். ரொட்டிக் கடையில மாஸ்டர். விவாகரத்து ஆகி ஆறு வருஷம், பிள்ளை குட்டி இல்ல. உங்க அத்தானோட ஆபீஸுக்குத் தினமும் அவங்க கடை பன்தான் வருது."

"பன் நல்லாருக்குன்னு மாப்பிள்ளை பாத்தியா?"

"மூணு வருஷமா ஒருநாள் கூட லேட்டா வந்ததில்லம்மா அந்தப் பன்னு. அப்படிப்பட்ட ஆளு எங்க கிடைப்பான்?" என்று அக்காவின் பின்னால் நின்றிருந்த அத்தான் சிபாரிசு செய்தார்.

கட்டாயம் ஒன்றும் இல்லை, போனில் பேசிப் பார், ஒரு மாதம் எடுத்துக்கொள், பிறகு சரி அல்லது வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல் என்றாள் அக்கா. இழுத்தடித்து அந்த மனுஷனையும் அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. அது நியாயமாகத்தான் பட்டது சின்னவளுக்கு.

முதல் போன் பேச்சு படு மோசமாக இருந்தது. ரொட்டிக்காரர், "சாப்பிட்டீங்களா?" என்றார். அவள், "ம், நீங்க?" என்றாள். அவர், "ஆச்சு" என்றார். பிறகு ரெண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அங்க மழை பெய்யுதா?" என்றார் அவர்.

"நானும் இதே ஊர்லதாங்க இருக்கேன்."

"ஆமா இல்ல?" என்று அவர் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் அவர் கேட்டார்: "வீட்ல படம் ஏதாவது பாப்பீங்களா?"

பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, ஒரு படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்வதுதான் வாரத்தில் அவளுக்கு இருந்த ஒரே ஆடம்பரம். அவரும் பார்ப்பாராம். விடியுமுன் வேலைக்குப் போய்ப் பதினோரு மணிக்குத் திரும்பிவிடுவதால், மத்தியானங்களில் பார்ப்பாராம். அப்படியானால் ஒரே படத்தை ரெண்டு பேரும் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று ஏற்பாடாயிற்று. பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைத்ததே என்று ரெண்டு பேருக்குமே நிம்மதி.

முதல் படம் ஒரு கல்யாண வீட்டுக் கலாட்டா. அதில் வரும் பெரிய அத்தை சிரித்த முகமாகவே இருந்துகொண்டு கல்யாணத்தைக் குலைக்கப் பார்ப்பாள்.

"எனக்கு அந்த அத்தையத்தான் ரொம்பப் பிடிச்சுது. மாப்பிள்ளையப் பக்கத்துல உக்கார வச்சுத் தலையத் தடவி, எவ்வளவு பாசமா பேசுறாங்க!" என்றார் ரொட்டிக்காரர்.

"என்னங்க சொல்றீங்க? அந்தம்மாதானே வில்லி! தலையத் தடவிக்கிட்டே, 'ஊரை விட்டு ஓடிடு, இல்லன்னா உன் கை காலு உனக்கில்ல'ன்னு சொல்றாங்க."

"அப்படியா சொன்னாங்க?" அவர் குரலில் உண்மையான வருத்தம். "நல்லவங்க மாதிரி இருந்தாங்களே."

அன்றைக்கு அவள் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே தனியாகச் சிரித்தாள். கடை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ரெண்டாவது வாரம் ஒரு நீச்சல் படம். மகளை நீச்சல் போட்டிக்குத் தயார் செய்யும் அப்பா. அவள் இந்த முறை நிறையப் பேசினாள். "எல்லாம் நல்லாருந்துச்சு. ஆனா பாதிக்கு மேல அந்த அப்பா எங்க போனாரு? அவ்வளவு நாள் விரட்டி விரட்டிப் பழக்கிட்டு, கடைசிப் போட்டிக்கு ஆளையே காணோம். அந்தப் பொண்ணு ஜெயிச்சிட்டு மேல பாத்து அழுவுது. இவரு எந்த ஊருக்குப் போனாரோ! பொறுப்பில்லாத மனுஷன்."

மறுமுனையில் அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டார்.

"ஆமா," என்றார் ரொட்டிக்காரர் மெதுவாக. "காணோம்தான்."

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம்தான் தலையில் இடி விழுந்தது.

அது ஒரு கோர்ட் படம். ரெண்டரை மணி நேரமும் வாதம், வாதம், வாதம். கடைசியில் அந்தப் பெண் வழக்கில் தோற்றுப்போகிறாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு. அவளுக்காக வாதாடிய வக்கீல் வெளியே வந்து கையைப் பிடித்து, மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்று தைரியம் சொல்கிறார்.

"பொண்ணு ஜெயிச்சதுல ரொம்ப சந்தோஷம். வக்கீல் வெளிய வந்து கை குலுக்கினாரு பாருங்க, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு," என்றார் ரொட்டிக்காரர்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

படத்தைப் பார்த்த எவனாலும் அப்படிச் சொல்ல முடியாது. இந்த ஆள் படமே பார்ப்பதில்லை. எங்கேயோ ரெண்டு போட்டோவைப் பார்த்துவிட்டு, பார்த்த மாதிரி அளக்கிறார். சின்ன விஷயம்தான், ஆனால் அவளால் அதைச் சின்னதாக நினைக்க முடியவில்லை. போன புருஷன் சொன்ன பொய்யும் இந்த அளவுதான் இருந்தது. "ஒண்ணும் இல்ல, வாயு." எட்டு மாதம் அதையே சொன்னார். டாக்டர் சீட்டை ஆபீஸ் மேஜையில் பூட்டி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சிரித்த முகமாக, "ஒண்ணும் இல்ல." அவளுக்குத் தெரிந்தபோது மிச்சம் இருந்தது பதினாறு நாள். அவள் பயந்துவிடுவாள் என்பதற்காக மறைத்தாராம். அந்த நல்ல எண்ணத்தை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா அத்தானோடு இறங்கி வந்து கேட்டாள்: "ஞாயித்துக்கெழமையோட மாசம் முடியுது. என்ன சொல்றே?"

"அவரு பொய் சொல்றாருக்கா."

"எதுல?"

"படத்துல."

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் வாயில் போட்ட பிஸ்கட்டை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "படத்தப் பாத்தா பாக்குறான், பாக்காட்டி விட்டுட்டுப் போறான். நான்கூட உங்க அக்காவோட உக்காந்து சீரியல் பாக்குறேன்னு இருபது வருஷமா தூங்கிட்டுதான் இருக்கேன்."

"அதான் தெரியுமே, குறட்டை விட்டாத் தெரியாதா?" என்றாள் அக்கா.

"தெரியுதுல்ல? உனக்குத் தெரியாம அவரு நடிக்கலையே," என்றாள் சின்னவள். "எனக்குத் தெரியாம ஒருத்தர் நடிச்சா அது ஒத்துவராதுக்கா. ஒருதடவை பட்டாச்சு."

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தங்கையின் நகத்துக்குள் இருந்த வெள்ளைத் தூளைத் தன் நகத்தால் சுரண்டி எடுத்தபடி, "சரி. வேண்டாம்னா வேண்டாம். ஆனா ஒரு வார்த்தை அந்தாளக் கேட்டுட்டு முடிவு பண்ணு. அதுக்கு மேல நான் பேச மாட்டேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் பின்னறையிலிருந்தே கூப்பிட்டாள். மெஷினை நிறுத்திவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"நீங்க அந்தப் படங்கள நிஜமா பாத்தீங்களா?"

"பாத்தேங்க. முழுசா பாத்தேன்."

"அந்தப் பொண்ணு கேஸ்ல தோத்துட்டா."

"ஐயையோ," என்றார் அவர். "தோத்துட்டாளா?"

"பாத்தேங்கிறீங்க!"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்கு உங்களுக்குக் கடை அரை நாள்தானே? ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வாங்க. எப்படிப் பாக்குறேன்னு வந்து பாருங்க. அப்புறம் திட்டணும்னா திட்டுங்க. ஒண்ணே ஒண்ணு, காலிங் பெல் மட்டும் அடிச்சுடாதீங்க," என்றார்.

மூன்றாம் மாடி. கதவு சும்மா சாத்தியிருந்தது. ஒரு துண்டு அட்டையில், 'திறந்துதான் இருக்கு. தள்ளுங்க, மெதுவா' என்று எழுதி ஒட்டியிருந்தது. அவள் தள்ளினாள், மெதுவாக.

சோபாவில் ரொட்டிக்காரர் அரைச் சாய்வாகக் கிடந்தார். நெஞ்சில் ஒரு குழந்தை, பத்துப் பதினோரு மாதம் இருக்கும், கன்னம் நசுங்கக் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் எச்சில் அவர் சட்டையில் மேப்பில் ஒரு நாடு மாதிரிப் பரவியிருந்தது. எதிரே டிவியில் ரெண்டு பேர் ஆவேசமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

அவர் ஒரு கையைத் தூக்கி வணக்கம் மாதிரி ஏதோ செய்தார். அவள் செருப்பைக் கழற்றி, சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்தாள். பேச்செல்லாம் கிசுகிசுப்பாகவே நடந்தது.

"யாரு இது?"

"தங்கச்சி பையன். அவ பல் ஆஸ்பத்திரியில வேலை, மாப்பிள்ளை வெளியூர். பதினொண்ணுலேந்து அஞ்சு வரைக்கும் எங்கிட்டதான். இவனைக் கீழ படுக்க வச்சா முதுகு தரையில படுறதுக்குள்ள கண்ணைத் திறந்துடுவான். சத்தம் கேட்டாலும் அவ்வளவுதான்."

"காதுல மாட்டிக்கிறது ஒண்ணு வாங்கக் கூடாதா?"

"வாங்கினேன். கடிச்சு, அதுல ஒரு பாதியக் காணோம். ரெண்டு நாள் அவன் இடுப்புத் துணியப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தோம்."

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை தலையைத் தடவியதும், வக்கீல் கை குலுக்கியதும் இப்போது வரிசையாகப் புரிந்தது. மனுஷன் பார்த்திருக்கிறார். பார்த்ததை மட்டும் வைத்து, எல்லோரையும் நல்லவர்களாக்கி, எல்லோரையும் ஜெயிக்க வைத்திருக்கிறார்.

சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது.

"இத முதல்நாளே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாதேன்னா தங்கச்சி. 'எடுத்த எடுப்புலேயே பிள்ளைய வளக்குற கதையச் சொன்னா, ஆயா வேலை பாக்கத்தான் பொண்ணு தேடுறாங்கன்னு நினைச்சு ஓடிடுவாங்க'ன்னா. எனக்கும் பயமா இருந்துச்சு."

"அப்ப மறைச்சீங்க."

"மறைச்சேன். தப்புதான்," என்றார். குழந்தையின் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒண்ணு கேக்கலாமா? நீங்களும் அந்த நீச்சல் படத்த முழுசாப் பாக்கலையே?" என்றார்.

"யாரு சொன்னது? பாத்தேனே."

"அந்த அப்பா எங்கயும் போகலைங்க. ஆஸ்பத்திரியில இருந்தாரு. அங்கேயே..." அவர் நிறுத்திக்கொண்டார். "சத்தம் இல்லாம பாத்த எனக்கே அது தெரிஞ்சுது. நீங்க சொன்னப்பவே கேக்கணும்னு நினைச்சேன். உங்க விஷயம் தெரியும்ங்கறதால கேக்கல."

அவள் தன் கையைப் பார்த்தாள். லென்ஸில் அரைப்புள்ளி பிசகினாலும் கண்டுபிடிக்கும் அவளுக்கு, நாலு வருஷமாக இது கண்ணில் படவே இல்லை. படத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பி தெரிந்தால் போதும், அவள் விரல் தானாக ரிமோட்டுக்குப் போகும். காட்சி ஓடும், கட்டில் மறையும். அதற்குப் பிறகு வருகிற கதையை அவளே ஒட்டுப்போட்டுக்கொள்வாள். எத்தனை அப்பாக்களை, எத்தனை புருஷன்களை அவள் வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் திட்டியிருப்பாள்? அவர் சொன்னதெல்லாம் பொய் என்று அக்காவிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாளே, அவள் சொன்னது என்ன கணக்கு?

"போடுங்க," என்றாள்.

"எத?"

"அந்தப் படத்த. அந்த இடத்துலேந்து."

"இப்பவேவா? வேண்டாங்க, இன்னொரு நாள்..."

"போடுங்கன்னா."

அவர் தேடிப் போட்டார். மகள் ஈரத் தலையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடி வருகிறாள். கதவு. கட்டில். கம்பி. சின்னவளின் கை தானாக நகர்ந்து ரிமோட்டைத் தேடியது. ரிமோட் குழந்தையின் முழங்காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் எழுந்துவிடும். அவர் அவளைப் பார்த்தார். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பாட்டு இல்லை, வயலின் இல்லை. ஒரு அறையில் படுத்திருக்கிற ஒரு மனுஷன், பக்கத்தில் ஸ்டூலில் அவர் மகள். அவர் ஏதோ சொல்கிறார். அவள் தலையை ஆட்டுகிறாள், கோபப்படுகிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு விரலாக மடக்கி மடக்கிச் சொல்கிறார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள்.

"தெரியல. நான் நினைச்சுக்கிட்டது, தனக்கு என்ன வியாதி, எத்தனை நாள் இருக்கும், என்னென்ன ஆகும்னு ஒண்ணு விடாம மகள்கிட்ட சொல்றாருன்னு."

"நீச்சலுக்கு டைம் சொல்லிக் குடுக்குறாரோ என்னவோ."

"அப்படியும் இருக்கலாம். சத்தம் வைக்கவா?"

"வேண்டாம். நீங்க சொன்ன மாதிரியே இருக்கட்டும்."

திரையில் அந்தப் பெண் கடைசியில் அப்பாவின் மடக்கிய விரல்களைப் பிடித்துக்கொண்டாள். சின்னவளுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதினாறு நாளில் அவள் வீட்டில் யாரும் யாருக்கும் விரல் மடக்கி எதுவும் சொல்லவில்லை. புருஷன் சிரித்துக்கொண்டிருந்தார், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை முதல்முறையாக ஒரு ஆளிடம் சொன்னாள், குழந்தை எழுந்துவிடாத அளவு குரலில், நடுநடுவே நிறுத்தி. டாக்டர் சீட்டு, பூட்டிய மேஜை, வாயு, எல்லாம். ரொட்டிக்காரர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. டிவியில் படம் முடிந்து பெயர்கள் ஓடின.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க வேணும்," என்றாள் அவள் மூக்கை உறிஞ்சியபடி. "'ஒண்ணும் இல்ல'ன்னு மட்டும் எங்கிட்ட சொல்லக் கூடாது. தலைவலின்னா தலைவலி. கடையில சண்டைன்னா சண்டை. நான் பயந்தா பயந்துட்டுப் போறேன். எது இருந்தாலும் சொல்லிடணும். உங்களால முடியுமா?"

"முடியும்," என்றார் அவர். அவர் முகம் கோணலாக இருந்தது. "இப்பவே ஒண்ணு சொல்லட்டுமா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க."

"அரை மணி நேரமா எடது கால் எனக்கு இருக்கா இல்லையான்னே தெரியல. நீங்க அழுதுட்டிருந்தீங்க, அசைஞ்சா நல்லாருக்காதுன்னு இருந்துட்டேன். இதுக்கு மேல தாங்காதுங்க."

"ஐயோ, இவ்வளவு நேரம் வாயத் திறக்காம!" அவள் சட்டென்று எழுந்து குனிந்தாள். "குடுங்க இப்படி."

ஒரு கையைக் குழந்தையின் தலைக்கும் ஒரு கையைப் பிட்டத்துக்கும் கொடுத்து அப்படியே தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அது ஒரு முனகல் முனகி, அவள் கழுத்தில் மூக்கைத் தேய்த்துவிட்டு, தூக்கத்தைத் தொடர்ந்தது. ரொட்டிக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். "முழிக்கலையே! எங்கிட்டேந்து தூக்குனா தங்கச்சிகிட்டயே அழுவானே."

"பேசாம எழுந்து நடங்க, காலுக்கு ரத்தம் ஓடட்டும்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி நடந்தார். ஒவ்வொரு அடிக்கும், "ஸ்ஸ்... ஊசி குத்துது... இப்ப எறும்பு ஓடுது... இப்ப கொதிக்குது" என்று வரிசையாக அறிக்கை கொடுத்துக்கொண்டே நடந்தார். அவள் சத்தம் வராமல் சிரித்ததில் குழந்தை குலுங்கியது.

அப்போது அவள் பையில் போன் நடுங்கியது. அக்கா. ஒரு கையால் எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு? மணி நாலாகப் போகுது. ஆளு படம் பாக்குறானா, இல்லையா?"

"பாக்குறாருக்கா."

"ஏன் ரகசியம் பேசுறே? அழுதியா?"

"அழுதேன். வந்து எல்லாம் சொல்றேன். அக்கா, நாளைக்குச் சொல்லணும்னியே, இன்னைக்கே சொல்லிடறேன். சரின்னு வச்சுக்கோ."

மறுமுனையில் அக்கா அத்தானை அழைத்த சத்தம் இங்கே அறை வரைக்கும் கேட்டது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "அவர்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். ரொட்டிக்காரர் ஒற்றைக் காலில், சுவரில் ஒரு கையை ஊன்றி, ஊசி குத்துவதையும் எறும்பு ஓடுவதையும் மறந்து, அவளையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னும் இல்ல," என்றாள். "ஆனா கேட்டுக்கிட்டுதான் நிக்கிறாரு."